சக்கரப் படகும் சர்க்கார் கணக்கும்

லொரெய்ன் பெல்கிக்கு உற்சாகம் வந்தால் முதலில் காது சிவக்கும். பிறகு பேச்சு வேகமெடுக்கும். அப்புறம் அவளைப் பிடித்து உட்கார வைக்க முடியாது. ஐம்பது வயதைத் தாண்டியும் அவளுக்கு அது மாறவில்லை. அலுவலகத்தில் அவள் காது சிவந்திருக்கிறது என்றால், எங்கோ யாருடைய வேலைக்கோ கேடு வரப்போகிறது என்று சக ஊழியர்கள் புரிந்துகொள்வார்கள்.

மெய்ன் மாநிலத்தின் படகுப் பாதுகாப்பு அலுவலகத்தில் அவளுக்கு இருந்த வேலையை அவளுடைய சொந்த அக்காவுக்கே விளக்கிச் சொல்ல முடிந்ததில்லை. அரசாங்கம் மக்களிடம் எதையாவது கேட்டு வாங்கினால், அந்த விவரம் யார் கைக்குப் போகும், போனால் யாருக்கு என்ன தீங்கு வரும் என்று முன்கூட்டியே யோசித்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. "நடக்காத திருட்டைப் பிடிக்கிற போலீஸ்" என்று அக்கா அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தாள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் லொரெய்ன் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் ஆள் தேடுகிறவளாக இருந்தாள். முதுகு ஒடிந்துவிட்டது என்று பணம் வாங்கிக்கொண்டு பனிச்சறுக்குப் போகிறவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது. நாய் என்ன ஜாதி, வண்டியில் எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது, இவ்வளவு தெரிந்தால் அவளுக்குப் போதும். ஒளிந்திருக்கிறவர்களைத் தேடித் தேடி அலுத்துப்போய், இனிமேல் ஒளிகிறவர்கள் பக்கம் நிற்கலாம் என்றுதான் அரசாங்க வேலைக்கு வந்தாள்.

அந்த ஆண்டு வசந்தத்தில், ஏரிகளில் பனி உருகி ஓடிய கையோடு, அலுவலகம் ஒரு பெரிய கணக்கெடுப்புக்குத் தயாரானது. பொழுதுபோக்குக்குப் படகு ஓட்டுகிறவர்கள் எல்லோரிடமும் கேட்பது: என்ன படகு, எந்த ஏரி, எந்தக் கிழமை, எத்தனை பேர், என்ன வயது, உயிர்காப்பு அங்கி போட்டிருந்தீர்களா, குடித்திருந்தீர்களா. இதை நடத்துகிறவன் வின்ஸ்லோ ட்ராஃப்டன். லொரெய்னின் பக்கத்து அறைக்காரன், மதியச் சாப்பாட்டுக் கூட்டாளி. முன்பு அவன் காட்டிலாகாவில் முங்குநீச்சல்காரனாக இருந்தவன். ஒவ்வொரு வசந்தத்திலும் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கி, மூழ்கியவர்களை மேலே கொண்டு வருவது அவன் வேலையாக இருந்தது. அதைப் பற்றி அவன் பேசமாட்டான். கணக்கெடுப்பைப் பற்றி மட்டும் ஓயாமல் பேசுவான்.

"செத்தவங்க எத்தனை பேருன்னு நமக்குத் தெரியும், லொரெய்ன். போய்ட்டுப் பத்திரமா வீட்டுக்கு வந்தவங்க எத்தனை பேருன்னு தெரியாது. அது தெரியாம எந்தப் படகு ஆபத்து, எந்த ஏரி ஆபத்துன்னு எப்படிச் சொல்றது?"

அதை அவளும் ஒப்புக்கொண்டாள். தகராறு வேறு இடத்தில் வந்தது. சோதனைக்காகச் சில நூறு வீடுகளில் முன்னதாகவே கேட்டு வாங்கிய பதில்கள் வந்துவிட்டன. பெயரையும் முகவரியையும் எடுத்துவிட்டு, மிச்சத்தை அப்படியே இணையத்தில் போட்டுவிடலாம், பல்கலைக்கழகக்காரர்கள் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்பது திட்டம். இயக்குநர் ஜூடித் ஹாலோவே அதற்குச் சம்மதித்துவிட்டார். நல்ல அதிகாரி, கறார்க்காரி. லொரெய்னின் மதிப்பீடு மட்டும்தான் பாக்கி.

லொரெய்ன் அந்தப் பதில்களைத் திறந்து ஒரு காலைப் பொழுது முழுக்கப் படித்தாள். காது சிவந்தது. நேராக இயக்குநர் அறைக்குப் போய், பெயரை எடுத்தால் போதாது, ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்றாள். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இந்த மாநிலத்தில் எத்தனை ஆயிரம் ஏரி இருக்கிறது தெரியுமா என்று கேட்டார். பக்கத்தில் நின்ற வின்ஸ்லோவுக்கு எரிச்சல். ஏரியின் பெயரை மறைத்தால் தன் கணக்கெடுப்பே செத்துப்போகும் என்றான். பேச்சு வளர்ந்து, கடைசியில் ஒரு ஒப்பந்தத்தில் வந்து நின்றது. லொரெய்ன் ஒரே ஒரு ஆளைக் கண்டுபிடித்துக் காட்டட்டும். ஒரு நாள் அவகாசம். அலுவலக அதிகாரத்தைக் காட்டி யாரிடமும் விசாரிக்கக் கூடாது, கண்டுபிடித்தவரிடம் போய் நிற்கவும் கூடாது. சாட்சிக்கு வின்ஸ்லோ கூடப் போவான்.

"முடியலைன்னா?" என்றான் வின்ஸ்லோ.

"முடியலைன்னா கையெழுத்துப் போட்டுத் தர்றேன். நீ உன் கடையைத் திறந்துக்கோ."

அவள் பொறுக்கி எடுத்த பதில் இப்படி இருந்தது. சொந்தமாகக் கட்டிய மரப்படகு. பின்னால் சக்கரம் வைத்து ஓடுவது. ஹார்ன்பீம் ஏரி. செவ்வாய்க்கிழமைகளில் போவது. படகில் இருவர், இருவருக்கும் எழுபதுக்கு மேல். உயிர்காப்பு அங்கி இல்லை. குடித்தீர்களா என்ற கேள்விக்கு, 'ஒரு பீர், சில சமயம் இரண்டு' என்று ஒழுங்காகப் பதில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி இருந்தது லொரெய்னுக்கு.

செவ்வாய்க்கிழமை காலை அலுவலக வண்டியில் கிளம்பினார்கள். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். வின்ஸ்லோ வண்டியை ஓட்டியபடி, "உன் காதைப் பார்த்து எதிர்ல வர்றவன் பிரேக் போடுறான்" என்றான்.

ஹார்ன்பீம் பெரிய ஏரி இல்லை. ஊரும் சின்னதுதான். ஒரு தேவாலயம், ஒரு தபாலாபீஸ், தூண்டில் புழுவும் காப்பியும் சேர்த்து விற்கிற ஒரு கடை. முதலில் லொரெய்ன் ஏமாந்தாள். வடக்குக் கரையில் மரத்தால் கட்டிய, சக்கரம் போல ஏதோ பொருத்திய ஒரு படகைப் பார்த்துத் துள்ளிவிட்டாள். கிட்டே போய்ப் பார்த்தால் அது கோடை முகாமில் குழந்தைகள் விளையாடக் கட்டிவைத்த மிதவை. சக்கரம் என்று நினைத்தது பழைய சைக்கிளின் சக்கரம். வின்ஸ்லோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எழுபது வயதுக்காரர்கள் இதில்தான் பீர் குடிக்கிறார்களா என்று கேட்டான்.

அவள் புழுக் கடைக்குள் போய் இரண்டு காப்பி வாங்கினாள். கடைக்காரர் நாற்பது வயதிருக்கும், தடித்த கழுத்து, வாய் ஓயாத ஆள். மழை வரும் என்றார், மீன் சிக்கவில்லை என்றார், கோடைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் ரோட்டைக் கெடுக்கிறார்கள் என்றார். லொரெய்ன் ஒன்றும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்தாள். சுவர் முழுக்கப் புகைப்படங்கள். சுதந்திர தினத்துக்கு ஏரியில் நடக்கும் படகு ஊர்வலம், வருடா வருடம். அதில் மூன்றாவது வரிசையில், கொடி கட்டிய ஒரு படகு. பின்னால் பெரிய மரச் சக்கரம். கீழே பேனாவால் எழுதியிருந்தது: ஆர்வில் லீவிட்.

அவள் வின்ஸ்லோவின் காலை மிதித்தாள். அவனும் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்துபோனதை அவள் கவனித்தாள்.

வெளியே வந்ததும் அவன் வண்டிக் கதவைத் திறக்காமல் நின்றான். "யார்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கலையே நீ" என்றான், தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போல.

"ஒரு காப்பிதான் ஆச்சு."

அத்தோடு திரும்பியிருக்க வேண்டும். ஜெயித்தாகிவிட்டது. ஆனால் உற்சாகம் ஏறியவளுக்குப் புத்தி கொஞ்சம் பின்னால்தான் வரும். அந்தப் படகைக் கண்ணால் பார்க்காமல் போக அவளுக்கு மனசு வரவில்லை. தூரத்திலிருந்து பார்த்துவிட்டு மட்டும் போவோம், கிட்டே போக வேண்டாம் என்று நச்சரித்தாள். வின்ஸ்லோவுக்கும் உள்ளுக்குள் ஆசைதான். படகு இறக்கும் துறையில் வண்டியை நிறுத்தி, சிவப்புச் சாயமேற்றிய இறைச்சி வைத்த ஹாட் டாக் ரொட்டியை ஆளுக்கு ஒன்றாகத் தின்றுகொண்டு காத்திருந்தார்கள்.

மதியத்துக்கு மேல் படகு வந்தது. லொரெய்ன் வாயில் இருந்ததை மெல்ல மறந்தாள். தேர் அசைந்து வருகிற மாதிரி வந்தது. பச்சை வர்ணம் அடித்த சின்ன உடல், மேலே கோடு போட்ட துணிப் பந்தல், பின்னால் சக்கரம் தண்ணீரை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டு வந்தது. உள்ளே தொப்பி போட்ட கிழவர் ஒருவர். எதிரே சாய்வு நாற்காலியில் ஒரு பெண்மணி, மடியில் மூடி போட்ட ஒரு தட்டு. அவர் என்னவோ சொல்ல, அந்த அம்மாள் சிரிக்கிற சத்தம் தண்ணீர் மேல் கேட்டது.

துறைக்குக் கொஞ்ச தூரத்தில் சக்கரம் நின்றது. பாசி சுற்றிக்கொண்டது போலிருக்கிறது. கிழவர் எழுந்து பின்பக்கம் போய், குனிந்து பிடுங்கினார். படகு சாய்ந்தது. தொப்பி விழுந்தது. அதன் பின்னாலேயே அவரும் விழுந்தார்.

வின்ஸ்லோ ஓட ஆரம்பித்துவிட்டான். துறையில் யாரோ விட்டுப்போயிருந்த ஒல்லியான துடுப்புப் படகை இழுத்துத் தண்ணீரில் தள்ளி, வண்டியிலிருந்து எடுத்த அங்கிகளில் ஒன்றை லொரெய்ன் மேல் வீசினான். "போட்டுக்கிட்டு ஏறு. எழுந்து மட்டும் நிக்காத" என்றான். அவள் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாகத் துடுப்புப் போட்டதில்லை. பனி உருகிய தண்ணீர். அதில் விழுந்தவருக்கு முதலில் மூச்சு போகும், பிறகு கை போகும் என்று அலுவலகத்தின் துண்டறிக்கைகளில் எத்தனையோ முறை படித்திருக்கிறாள். இப்போது அதைக் கண்ணால் பார்த்தாள். கிழவரின் வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. படகில் இருந்த அம்மாள் குப்புறப் படுத்து, அவருடைய கால்சட்டை வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "விட மாட்டேன், ஆர்வில். நீயும் விடாத" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வின்ஸ்லோ அவரைத் தூக்கிய விதத்தில் பழைய பழக்கம் தெரிந்தது. இந்த முறை உயிரோடு தூக்கினான். கரைக்கு வந்து சேர்ந்ததும் ஈரத்தைக் கழற்றி, கம்பளியில் சுற்றி, வண்டிக்குள் சூடேற்றி உட்கார வைத்தார்கள். கிழவர் நடுங்கி நடுங்கி, பிறகு நிதானப்பட்டார். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சாதித்தார். கூட வந்த அம்மாளின் பெயர் தெல்மா காஸ்வெல். அவள் அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, "அங்கியைப் போடுன்னு சொன்னா, பந்தலுக்குப் பொருத்தமா இல்லைன்னான் இவன். இப்ப இந்தக் கம்பளி ரொம்பப் பொருத்தமா இருக்கு" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். லொரெய்னுக்கு ரத்தமெல்லாம் துள்ளிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஆர்வில் வண்டிக் கதவில் இருந்த அரசாங்க முத்திரையைப் பார்த்தார். படகுப் பாதுகாப்பு அலுவலகம் என்று வாய்விட்டுப் படித்தார். செவ்வாய்க்கிழமையும் அதுவுமாக இந்த மூலைக்கு எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார்.

வின்ஸ்லோ தரையைப் பார்த்தான். ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். லொரெய்னால் முடியவில்லை. இருப்பதை இருப்பது போலச் சொன்னாள். கணக்கெடுப்பு, பெயரை எடுத்தது, ஒப்பந்தம், புழுக் கடைச் சுவர், எல்லாவற்றையும்.

ஆர்வில் கம்பளியை இறுக்கிப் போர்த்திக்கொண்டார்.

"பேரு யாருக்கும் தெரியாதுன்னு காகிதத்துல போட்டிருந்தீங்க" என்றார் ஆர்வில். கோபம் இல்லை, குழப்பம்தான். "அதை நம்பித்தான் எழுதினேன். அங்கி போடலைன்னு எழுதினேன். பீரைக்கூட மறைக்கலை. இப்படின்னு தெரிஞ்சா அடுத்த தடவை பொய்யை எழுதிட்டுப் போயிருவேன். எல்லாரும் அதைத்தான் செய்வாங்க."

வின்ஸ்லோ நிமிர்ந்து பார்த்தான். அந்த வார்த்தை லொரெய்னைவிட அவனைத்தான் அதிகம் தைத்தது.

தெல்மா துண்டை மடித்து வைத்தாள். அவளுக்குக் கோபம் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. "அந்தப் புழுக் கடைக்காரன் யாருன்னு தெரியுமா உங்களுக்கு? என் பையன் ரோட்னி. செவ்வாய்க்கிழமை நான் தேவாலயத்துல போர்வை தைக்கிறேன்னு நினைச்சுட்டு இருக்கான். அவன் அப்பா போய் ரெண்டு வருஷம் ஆகுது. ஏரிக்கரை வீட்டை வித்துட்டு என்கூட வந்து இருன்னு தினமும் ஒரு பாட்டு. இது தெரிஞ்சா கிழவிக்குப் புத்தி பிசகிருச்சுன்னு சொல்லி நாளைக்கே வீட்டுக்குப் பூட்டுப் போடுவான். நீங்க இன்டர்நெட்டுல போடப் போறதைப் படிக்க அவனுக்குப் படிப்பு எதுவும் வேண்டாம்மா. செவ்வாய்க்கிழமை, சக்கரப் படகு, ரெண்டு பேரு. போதாதா?"

"போதும்" என்றாள் லொரெய்ன். "அது வராம இருக்கத்தான் நான் வந்தேன். ஆனா இவ்வளவு கிட்ட வந்திருக்கக் கூடாது. தப்பு என்னோடதுதான்."

"உங்க மேலதிகாரிகிட்ட என்ன சொல்லுவீங்க?"

"உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

தெல்மா அவளைக் கொஞ்ச நேரம் அளந்து பார்த்தாள். பிறகு படகிலிருந்து எடுத்து வந்திருந்த தட்டைத் திறந்து நீட்டினாள். உள்ளே புளூபெர்ரிக் கேக் இருந்தது. ஏரித் தண்ணீர் கொஞ்சம் ஏறியிருந்தது. நான்கு பேரும் அதைத் தின்று தீர்த்தார்கள்.

திரும்புகிற வழியில் லொரெய்னின் காது வெளுத்துப்போயிருந்தது. கையில் கிடைத்த ஒரே சாட்சியத்தை வாயைத் திறந்து சொல்ல முடியாது. சொன்னால் எதைக் காப்பாற்றப் போகிறாளோ அதையே உடைத்த மாதிரி. வின்ஸ்லோ ஒரு திருப்பத்தில், "அந்த ஆள் உண்மையை எழுதினதாலதான் அங்கி போடலைன்னே நமக்குத் தெரிஞ்சுது" என்றான்.

மறுநாள் கூட்டத்தில் ஆறேழு பேர் இருந்தார்கள். இயக்குநர் நேராக விஷயத்துக்கு வந்தார். கண்டுபிடித்தீர்களா?

"கண்டுபிடிச்சேன்."

யார் என்று கேட்டார். சொல்ல மாட்டேன் என்றாள் லொரெய்ன். அறையில் சலசலப்பு. சட்டப் பிரிவுக்காரர் ஒருவர், அப்படியென்றால் கண்டுபிடித்ததற்கு என்ன அத்தாட்சி, இது என்ன கண்கட்டு வித்தையா என்றார். லொரெய்ன் வின்ஸ்லோவைப் பார்க்கவில்லை. அவன் கணக்கெடுப்பு இது, அவனைக் கட்டாயப்படுத்த அவளுக்கு மனசில்லை.

வின்ஸ்லோ தானாகவே எழுந்தான். "நான் கூட இருந்தேன். ஒரு காப்பி குடிக்கிற நேரத்துல கண்டுபிடிச்சா. யாருன்னு நானும் சொல்ல மாட்டேன். இப்படிக் கண்டுபிடிக்கலாம்னு தெரிஞ்சா இனிமே யாரும் நமக்கு ஒரு உண்மைகூட எழுத மாட்டாங்க. என் கணக்கெடுப்பு இப்படியே போறதுல எனக்குச் சம்மதம் இல்லை."

இயக்குநர் அசரவில்லை. உங்கள் இருவர் பேச்சை நம்புகிறேன், ஆனால் உங்கள் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு மேலிடத்துக்குப் பதில் சொல்ல முடியாது என்றார். நியாயம்தான். அப்போது லொரெய்னுக்கு ஒன்று உறைத்தது. சோதனைக்குப் பதில் அனுப்பிய வீடுகளில் அலுவலக ஆட்களின் வீடுகளும் உண்டு. இயக்குநர் தன் வீட்டுக்கும் வந்தது, தானே நிரப்பி அனுப்பினேன் என்று போன மாதம் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

காது சிவந்துவிட்டது. "உங்களைத் தேடட்டுமா?" என்று கேட்டாள்.

சிலர் சிரித்தார்கள். இயக்குநரும் புன்னகைத்து, தாராளமாக என்றார். லொரெய்ன் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். இயக்குநர் பாய்மரப் படகு வைத்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த ஊரில் வீடு என்பதும் தெரியும். அந்தப் பக்கத்து ஏரியில் பாய்மரப் படகு என்று தேடினால் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அவள் அதைப் படித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். எழுந்து மேசையைச் சுற்றிப் போய், இயக்குநரின் காதோரம் குனிந்து இரண்டு வாக்கியம் சொன்னாள்.

ஜூடித் ஹாலோவேயின் கழுத்திலிருந்து நெற்றி வரை ரத்தம் ஏறியது. ஒரு வாரநாள் பிற்பகலில் அவர் எங்கே இருந்தார் என்பது சம்பந்தப்பட்ட விஷயம் அது. அதற்கு மேல் லொரெய்ன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, தன் அக்காவிடம்கூட.

இயக்குநர் தண்ணீர் குடித்தார். பிறகு, தன்னை அறியாமல் சிரித்துவிட்டார். "சரி. இப்போதைக்கு இணையத்துல எதுவும் போக வேண்டாம். எப்படிப் போடலாம்னு நீங்க ரெண்டு பேருமே உட்கார்ந்து சொல்லுங்க."

லொரெய்னும் வின்ஸ்லோவும் அந்தக் கோடை முழுக்கச் சண்டை போட்டார்கள். அவள் மறை என்பாள், அவன் மறைத்தால் குருடாகிவிடுவேன் என்பான். கடைசியில் இரண்டு பேரும் பாதிப் பாதி விட்டுக்கொடுத்தார்கள். வெளியே போகிற கணக்கில் ஏரிகள் வட்டாரமாகச் சேர்ந்தன. கிழமைகள் வாரநாள், விடுமுறைநாள் என்று இரண்டாகச் சுருங்கின. அபூர்வமான படகுகள் எல்லாம் 'மற்றவை' என்ற ஒரே கூடைக்குள் போயின. ஏரிவாரியான நுணுக்கம் வின்ஸ்லோவின் பிரிவுக்குள் மட்டும் பூட்டியிருக்கும். பெயரும் முகவரியும் வேறு இடத்தில் இருந்து, வேலை முடிந்ததும் அழியும். காவல்துறைக்கோ வரித்துறைக்கோ எதுவும் போகாது. முதல் பக்கத்தில் இருந்த நீளமான சட்ட வாசகத்தை லொரெய்ன் தூக்கி எறிந்துவிட்டு, எது யாருக்குத் தெரியும், எது யாருக்கும் தெரியாது என்று எல்லோருக்கும் புரிகிறபடி எழுதினாள். அதை எழுதி முடிக்க அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது.

அடுத்த ஆண்டு கணக்கெடுப்பு போனது. வின்ஸ்லோ எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் பதில் அனுப்பினார்கள், அதுவும் ஒளிவுமறைவில்லாமல். குளிர்ந்த தண்ணீரில், சின்னப் படகில், அங்கி போடாமல் போகிறவர்களில் வயதானவர்கள் எவ்வளவு பேர் என்று முதல் முறையாகத் தெரியவந்தது. துறைக்குத் துறை ஆணியடித்து, யார் வேண்டுமானாலும் இரவல் எடுத்துக்கொள்ள அங்கிகளை மாட்டினார்கள். ஹார்ன்பீமில் முதல் ஆணியை வின்ஸ்லோவே போய் அடித்தான். யாரையும் பார்க்காமல் திரும்பி வந்தான்.

கணக்கெடுப்புக் காகிதங்கள் வீடுகளுக்குப் போன அந்த வசந்தத்தில் ஒரு நாள் லொரெய்னின் மேசைத் தொலைபேசி அடித்தது. தெல்மா. ரோட்னிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றாள். இணையத்தால் அல்ல, தானே அவன் கடைக்குப் போய், வாடிக்கையாளர்கள் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னாளாம். இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். இப்போது ஆர்விலுக்குக் கடையில் காப்பி இலவசம், ஆனால் புழுவுக்கு இன்னும் காசு வாங்குகிறானாம்.

"அதைச் சொல்லக் கூப்பிடலை" என்றாள் தெல்மா. "பக்கத்து வீட்டுக்காரிக்கு உங்க காகிதம் வந்திருக்கு. உண்மையை எழுதலாமான்னு என்னைக் கேக்குறா. எழுதச் சொல்லலாமா?"

லொரெய்ன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். முன்னறையில் இருந்தவர்கள் திரும்பி அவள் காதைப் பார்த்தார்கள்.

"சொல்லுங்கம்மா. தைரியமா எழுதச் சொல்லுங்க" என்றாள். "படகு எது, எங்க போனாங்க, என்ன குடிச்சாங்க, எல்லாத்தையும்."

"அவ ஒயின் குடிப்பா" என்றாள் தெல்மா.

"எழுதட்டும்" என்றாள் லொரெய்ன்.